நேரத்துக்கு முன்னே அடித்த மணி

துறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் ஏதாவது பேசச் சொன்னார்கள். இந்த "ஏதாவது" என்ற சொல்லே எனக்கு ஆகாது. வாழ்நாள் முழுக்க ஒழுக்கவியலும் அரசியல் மெய்யியலும் படிப்பித்த ஒருவனிடம் ஏதாவது பேசு என்றால், அவன் உங்கள் கழுத்தை அறுத்துவிட்டுத்தான் மைக்கை வைப்பான். அதனால் ஒரேயொரு சம்பவத்தைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்கிறேன். அது உங்கள் பாடத்திட்டத்தில் இல்லை. ஆனால் பொது மேடைக்குப் போகிற ஆட்களாக இருந்தால், ஏதோ ஓர் உருவத்தில் அது உங்களிடம் வந்தே தீரும்.

அதற்கு முன் என் பேராசிரியரைப் பற்றிக் கொஞ்சம். பெயர் வேண்டாம். உயிரோடு இருந்திருந்தால், பெயரைச் சொன்னதற்காகவே சண்டைக்கு வந்திருப்பார். வகுப்பில் அவருக்கு இரண்டு விதிகள். ஒன்று, நீ எதை நம்புகிறாயோ அதற்கு எதிர்ப்பக்கம்தான் பேச வேண்டும். தூக்குத்தண்டனை வேண்டும் என்கிறவன் வேண்டாம் என்று பேச வேண்டும். அதுவும், உண்மையிலேயே வேண்டாம் என்று நினைக்கிறவனைவிட நன்றாகப் பேச வேண்டும். இரண்டாவது, வாதத்தைப் பார், ஆளைப் பார்க்காதே. "நீ யார் இதைச் சொல்ல?" என்று எவனாவது வாய் திறந்தால் வெளியே அனுப்பிவிடுவார். இந்த இரண்டையும் அப்படியே எடுத்து வந்து நானும் எத்தனையோ பிள்ளைகளுக்குப் படிப்பித்தேன். இன்றைக்கும் அவை நல்ல விதிகள்தான்.

எனக்கு இன்னொரு தொழிலும் இருந்தது. சப்ரகமுவப் பக்கத்துத் தோட்டங்களில் கோயில் திருவிழா வந்தால் பட்டிமன்றத்துக்கு என்னைத்தான் நடுவராகக் கூப்பிடுவார்கள். ஓப்பநாயக்கவில் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவன், பேராசிரியராகவும் ஆகிவிட்டான், கூப்பிட்டால் பஸ் ஏறி வந்துவிடுவான், வேறென்ன வேண்டும்? துறையில் சில பேருக்கு இது பெரிய கேலி. மெய்யியல் பேராசிரியர் மாலையைப் போட்டுக்கொண்டு மணி அடிக்கப் போகிறார் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். என் கருத்தரங்குகளில் தூங்கி விழுந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கோயில் மண்டபத்தில் ஒருவரும் தூங்கியதில்லை.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்பு, தெஹியோவிட்டவுக்கு உள்ளே ஒரு இறப்பர் தோட்டத்திலிருந்து கோயில் தலைவர் போன் எடுத்தார். அங்கே கீழ் லயத்துக்கு மேலே உள்ள மலையில் வெடிப்பு விழுந்திருந்தது. அதிகாரிகள் வந்து பார்த்து, மழை பலமானால் ஆட்கள் வெளியேற வேண்டும் என்று அறிவிப்புப் பலகை நட்டுவிட்டுப் போயிருந்தார்கள். பக்கத்துப் பாடசாலையில் தங்கிக்கொள்ளலாம் என்றும் சொல்லியிருந்தார்கள். லயத்து ஆட்கள் போவோம், போகமாட்டோம் என்று இரண்டாகப் பிரிந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத அளவுக்குச் சண்டை முற்றியிருந்தது. ஆகவே இந்த வருடத் திருவிழாப் பட்டிமன்றத்துக்கு அதையே தலைப்பாக வைத்துவிட்டோம் என்றார் தலைவர். கைகலப்பைவிடப் பேச்சு நல்லதுதானே என்று நானும் சரி என்றேன்.

அவிசாவளையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே மழை. தலைவர் ஓட்டோ கொண்டுவந்திருந்தார். பாதி வழியில்தான், ரொம்பப் பெருமையாக அந்த விஷயத்தை அவிழ்த்தார்.

"சண்டையெல்லாம் ஓஞ்சிடுச்சுங்க ஐயா. நீங்க என்ன தீர்ப்பு சொல்றீங்களோ அதுபடி செய்றதுன்னு ரெண்டு பக்கமும் கோயில்ல வச்சு ஒத்துக்கிட்டாங்க."

பட்டிமன்றத் தீர்ப்பு என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். இரண்டு பக்கத்தையும் பாராட்டி, நாலு சிரிப்புச் சொல்லி, யார் மனமும் நோகாமல் எதையாவது சொல்லிவிட்டுப் பொன்னாடையை வாங்கிக்கொண்டு வருவது. அதை நம்பியா குடும்பங்கள் மலைக்குக் கீழே படுப்பதும் எழுந்து போவதும்? சரி, யார் யார் பேசுகிறார்கள் என்று கேட்டேன். வழக்கம்போல் சீட்டுப் போட்டுத்தான் அணி பிரித்தோம் என்றார். போக வேண்டும் என்ற அணிக்கு ஒரு சுகாதார உத்தியோகத்தர், ஒரு தொழிற்சங்கப் பையன். இருக்க வேண்டும் என்ற அணியில் கடைசியாகப் பேசுவது சுதர்ஷினி.

சுதர்ஷினி என் மாணவி. எனக்குக் கிடைத்தவர்களிலேயே நன்றாகப் பேசத் தெரிந்த பிள்ளை. அதே கீழ் லயத்துப் பிள்ளை. படித்து முடித்துப் பக்கத்துப் பாடசாலையிலேயே ஆசிரியையாக இருந்தாள். அவளுடைய அம்மா பார்வதி இன்னமும் அங்கே இறப்பர் பால் வெட்டுகிறவர்.

மண்டபத்துக்குப் போனதும் அவளைத் தனியே கூப்பிட்டு, நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டேன். இன்றைக்கே போய்விட வேண்டும் என்றுதான் அவள் நினைத்தாள். அப்படியென்றால் பக்கத்தை மாற்றிக்கொள் என்றேன்.

"சீட்டு விழுந்தது விழுந்ததுதான் சேர். நம்பாத பக்கத்தை நம்புறவனைவிட நல்லாப் பேசணும்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?"

மேடையில் போய் உட்கார்ந்தேன்.

மண்டபம் நிரம்பியிருந்தது. மழை நாளில் இறப்பர் வெட்ட முடியாது. வேலையில்லை, எல்லோரும் வந்துவிட்டார்கள். தகரக் கூரையில் மழை கொட்டிய சத்தத்தில் மைக்கே திணறியது. முன்வரிசையில் தோட்டத்தை நடத்துகிற முகாமையாளர், பெரிய துரை. சிங்கள இளைஞர், பிரதம விருந்தினர். கழுத்தில் மாலையோடு அசையாமல் உட்கார்ந்திருந்தார். பிறகுதான் கவனித்தேன், கீழ் லயத்துப் பெண்கள் பலரும் துணி மூட்டையோடு வந்திருந்தார்கள். தீர்ப்பு போ என்று வந்தால் அப்படியே பாடசாலைக்குப் போவதற்கு. பார்வதியின் மடியிலும் ஒரு மூட்டை இருந்தது.

போக வேண்டும் என்றவர்கள் சொதப்பினார்கள். உத்தியோகத்தர் மண்ணில் நீர் ஊறுவதைப் பற்றிக் காகிதத்தைப் பார்த்து வாசித்தார். சங்கத்துப் பையன் மலையை மறந்துவிட்டுத் துரையைத் திட்டினான். பிறகு சுதர்ஷினி எழுந்தாள்.

அவள் கத்தவில்லை. இதே தோட்டத்து மேல் டிவிஷன் ஆட்களை ஞாபகம் இருக்கிறதா என்று ஆரம்பித்தாள். சில வருடங்களுக்கு முன்பு, இதே மாதிரி மண் சரியப்போகிறது என்று அவர்களை அழைத்துப்போனார்கள். கொஞ்ச நாளைக்குத்தான் என்றார்கள். அவர்கள் போன கையோடு குடியிருந்த காம்பரா அறைகளின் கதவுகளுக்குக் குறுக்கே பலகை அடித்தது தோட்டம். வீடு கேட்டுப் போனால், நீங்கள்தான் அங்கே குடியில்லையே, எந்த வீட்டை இழந்தீர்கள் என்று கேட்டார்கள். இன்னும் தகரக் கொட்டகையில்தான் இருக்கிறார்கள், அங்கே பிறந்த பிள்ளை இன்றைக்கு என் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது என்றாள்.

"இந்த மலை எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது. நாம வெளிய போனா நமக்கு வீடு இல்லைங்கிறது எல்லாருக்கும் தெரியும். தெரியாத ஒண்ணுக்குப் பயந்து, தெரிஞ்ச ஒண்ணைத் தொலைக்கிறதா?"

கை தட்டினார்கள், விசில் அடித்தார்கள். நான் வாத்தியார் புத்தியில் ஒரு கணம் பூரித்துப்போனேன், பொய் சொல்வானேன். அப்போதுதான் பார்வதி எழுந்தார். மூட்டையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார். பாடசாலை இருந்த பக்கம் இல்லை, லயத்துப் பக்கம். அவருக்குப் பின்னால் இன்னொருத்தி எழுந்தாள், பிறகு இன்னும் சிலர். என் தீர்ப்புக்குக்கூடக் காத்திருக்கவில்லை. கேட்டதே போதும் என்று முடிவெடுத்துவிட்டார்கள்.

சுதர்ஷினியும் அதைப் பார்த்தாள். ஆனாலும் நிறுத்தவில்லை. தன் பக்கத்தைக் கடைசி வரை கொண்டுபோக வேண்டும் என்பது விதியாயிற்றே. தன் தாயை மலைக்கு அடியில் அனுப்பிவைக்கிற வாக்கியங்களை, அந்தத் தாயின் முதுகைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

நான் மணியை அடித்தேன். நேரம் இன்னும் இருந்தது. அத்தனை வருடத்தில் ஒரு பேச்சாளரையும் நான் நேரத்துக்கு முன்னே மறித்ததில்லை. மண்டபம் திரும்பிப் பார்த்தது, வாசலில் மூட்டையோடு நின்றவர்களும் திரும்பினார்கள். நான் மைக்கை இழுத்து, என் பேராசிரியர் கேட்டிருந்தால் என்னை வெளியே அனுப்பியிருக்கக்கூடிய ஒரு கேள்வியைக் கேட்டேன்.

"சுதர்ஷினி, நீ இன்னைக்கு ராத்திரி எங்க படுப்ப?"

அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் உங்களுக்குச் சொல்ல மாட்டேன். தொழிற்சங்கப் பையன், இது பட்டிமன்ற விதிக்கு மாறு என்று கத்தினான். அவன் சொன்னது சரி. கேட்டது கேட்டதுதான், இனி அவள்தான் சொல்ல வேண்டும்.

"ஸ்கூல்ல," என்றாள். பிறகு மைக்கை இன்னும் கிட்டே எடுத்து, "நான் அங்க படுக்க மாட்டேன் சேர். எங்கம்மாவையும் படுக்க விடமாட்டேன்."

வாசலிலிருந்து பார்வதி கேட்டார். மைக் இல்லாமலே அது எல்லோருக்கும் கேட்டது.

"அப்ப நீ இவ்வளவு நேரம் பேசினது பொய்யா?"

"பொய் இல்லம்மா. அத்தனையும் உண்மை."

"உண்மைன்னா நான் ஏன் போகணும்?" இதைப் பார்வதி மகளிடம் கேட்கவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டார். "நீங்க சொல்லுங்க ஐயா."

பிள்ளைகளே, இந்த இடத்தில்தான் உங்களை நிறுத்தப் பார்க்கிறேன். ஆளைக் கேட்டேன், ஆள் பதில் சொல்லியாயிற்று. ஆனால் வாதம் அப்படியே நிற்கிறது. பேசியவள் நம்பவில்லை என்பதற்காக அது பொய்யாகிவிடுமா? வகுப்பில் என்றால் நான் எழுந்து அழகாகப் பதில் சொல்லியிருப்பேன். உயிருக்கும் உடைமைக்கும் உள்ள வித்தியாசம், மீட்க முடிந்த இழப்பு, மீட்க முடியாத இழப்பு என்று கரும்பலகையில் கோடு போட்டுக் காட்டியிருப்பேன். அந்த அம்மா மழையில் நனைந்த வாசலில் மூட்டையோடு நிற்கிறார். நான் கோடு போடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டார், போய்விடுவார்.

அவருக்கு என்னிடமிருந்து விளக்கம் தேவைப்படவில்லை என்று பட்டது. உயிர் போகும் என்பது அவருக்குத் தெரியாதா? பலகை அடிப்பார்கள் என்பதுதான் அவர் பயம். பலகை அடிக்கிற ஆள் மாலையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பிரதம விருந்தினர் நடுவில் எழுந்து போக முடியாது, அது நம் ஊர் மரியாதை. நான் அவரை மேடைக்கு அழைத்து, வெளியேறுகிறவர்களுக்கு வீடு உண்டா என்று கேட்டேன். நிகழ்ச்சிநிரலில் அவர் உரை கிடையாது. தலைவர் பதறிப்போய் என் காதில் ஏதோ சொன்னார், நான் கேட்டுக்கொள்ளவில்லை.

துரை கெட்ட மனிதர் இல்லை. பயந்த மனிதர். வீட்டைப் பற்றிக் கொழும்புத் தலைமையகம்தான் சொல்ல வேண்டும், தன் கையில் ஒன்றும் இல்லை என்றார் சிங்களத்தில். சுதர்ஷினி அதைத் தமிழில் சொன்னாள். வாசலில் நின்றவர்கள் இதைத்தானே எதிர்பார்த்தோம் என்பதுபோல் திரும்பத் தொடங்கினார்கள். நான் கேள்வியைச் சுருக்கினேன். வீடு கேட்கவில்லை, காணி கேட்கவில்லை. கதவைப் பற்றி மட்டும் சொல்லுங்கள். அவரவர் காம்பராவை அவரவரே பூட்டி, சாவியை அவரவரே வைத்துக்கொள்ளட்டும். நீங்கள் பலகை அடிக்காமல் இருப்பீர்களா? அதற்குமா கொழும்பைக் கேட்க வேண்டும்?

அவர் கூட்டத்தைப் பார்த்தார். கூரையில் மழை இன்னும் பலமாகிக்கொண்டிருந்தது. மாலையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார், அது கழுத்தை இறுக்கியதுபோல. பிறகு இரண்டு வாக்கியம் சொன்னார். சுதர்ஷினி மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"பலகை அடிக்க மாட்டேன்னு சொல்றாரு. அவங்கவங்க பூட்டு, அவங்கவங்க சாவி."

அப்போதுதான் தீர்ப்புச் சொன்னேன். என் வாழ்க்கையிலேயே சின்னத் தீர்ப்பு அது. வாதத்தில் ஜெயித்தது இருக்க வேண்டும் என்ற அணி, நீங்கள் போக வேண்டியது பாடசாலைக்கு என்றேன். ஒருவரும் கைதட்டவில்லை. பார்வதி என்னைக் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்து ஒரு பெருமூச்சு விட்டேன். விட்ட மூச்சு முடிவதற்குள் மண்டபம் காலியாகத் தொடங்கியது. ஆட்கள் லயத்துப் பக்கமே ஓடினார்கள். பூட்டுப் போடத்தான்! அவரவர் கதவை அவரவர் பூட்ட வேண்டும் என்று சொன்னவன் நானல்லவா? கொட்டுகிற மழையில், வெடித்த மலைக்குக் கீழே, ஒரு லயத்து ஆட்கள் முழுவதையும் நானே அனுப்பிவைத்திருந்தேன். ஐயோ, அந்த நேரத்தை எப்படிச் சொல்வேன். மண்டப வாசலில் நின்று பாதையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சுதர்ஷினி எனக்கு முன்னே ஓடிவிட்டாள். பொழுது சாய்ந்துகொண்டு வந்தது. ஒவ்வொரு தலையாகப் பாதையில் தெரிந்தது. அம்மாவும் மகளும் மட்டும் வரவில்லை. மலைப்பக்கம் ஏதோ உருண்ட சத்தம் கேட்டபோது தலைவர் சாமியைக் கூப்பிட்டார். நானும் கூப்பிட்டேன், எனக்கு நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்ற விசாரணையெல்லாம் அப்போது எழவில்லை.

கடைசியாக அவர்கள் வந்தார்கள். பார்வதியிடம் பூட்டு இல்லை. இருந்ததே இல்லையாம். லயத்துக் கதவுக்குக் கொக்கிதான். யாரிடமோ பழைய பூட்டைத் தேடி வாங்கிப் போட்டுவிட்டு வந்தார். சாவியைத் தாலிக்கயிற்றில் ஊக்கோடு கோத்திருந்தார்.

அந்த வாரம் முடியுமுன் மலை வந்தது. காலை நேரம், பாடசாலையில் பிள்ளைகள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது. கீழ் லயம் இருந்த இடத்தில் மண்ணும் வேரோடு சாய்ந்த இறப்பர் மரங்களும்தான் மிஞ்சின. ஒரு உயிரும் போகவில்லை. பத்திரிகைக்காரர்கள் வந்து என்னைப் பேட்டி எடுத்தார்கள். துறையில் கேலி செய்தவர்களே கைகுலுக்கினார்கள். ஒரு நண்பர் மட்டும், மேடையில் வைத்து அந்தப் பெண்ணை அப்படிக் கேட்டது தவறு, வாதத்தை விட்டு ஆளைத் தொட்டுவிட்டாய் என்றார். தொட்டேன், இல்லை என்று சொல்லவில்லை. திரும்ப அந்த மேடையில் உட்கார்ந்தால் திரும்பவும் தொடுவேன். வகுப்பில் ஒருவரும் மூட்டையோடு உட்கார்ந்திருப்பதில்லை என்று மட்டும் அவரிடம் சொன்னேன்.

கைகுலுக்கியவர்கள் எல்லோரும் கதை அங்கே முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள். நீங்களும் அப்படித்தான் நினைப்பீர்கள், அதனால்தான் இதைச் சொல்கிறேன். கீழ் லயத்து ஆட்கள் இன்றைக்கும் தகரக் கொட்டகையில் இருக்கிறார்கள். துரை சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், பலகை அடிக்கவில்லை. அடிக்கக் கதவே இல்லையே. அவரும் மாற்றலாகிப் போய்விட்டார். காணி அரசாங்கம் தர வேண்டும் என்கிறது தோட்டம், தோட்டம் விட்டுக்கொடுக்க வேண்டும் என்கிறது அரசாங்கம். சுதர்ஷினி அன்றைக்கு மைக்கில் சொன்ன ஒவ்வொரு வரியும் அப்படியே நடந்திருக்கிறது. அவர்கள் உயிரோடு இருப்பது என் தீர்ப்பால் என்று சொல்கிறார்கள். வீடில்லாமல் இருப்பது அவள் வாதப்படி. ஒரு வாதத்துக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்லலாம். ஆனால் அந்த வாதம் சரியாக இருந்தால் அது உங்களை விடாது, வீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும்.

போன வருடத் திருவிழாவுக்கும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். தலைப்பு மாமியாரா மருமகளா என்று ஏதோ ஒன்று. நன்றாகச் சிரித்தார்கள். முடிந்ததும் பார்வதி மேடைக்கு ஏறி வந்தார். பொன்னாடை போர்த்த வருகிறார் என்று நினைத்து நான் குனிந்துகொடுத்தேன், வெட்கக்கேடு. அவர் தாலிக்கயிற்றிலிருந்து ஊக்கைக் கழற்றி, அந்தச் சாவியை எடுத்து, மேசையில் என் மணிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"நீங்க சொல்லித்தானே பூட்டினேன். இது உங்ககிட்டயே இருக்கட்டும் ஐயா. கதவு கெடச்சதும் கொண்டாந்து குடுங்க."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இதோ, சட்டைப்பையில்தான் இருக்கிறது. இங்கே எல்லோரும் என்னை ஓய்வு பெற்றவர் என்று அறிமுகம் செய்தீர்கள், சந்தோஷம். திங்கட்கிழமை நானும் சுதர்ஷினியும் மறுபடி கேகாலை மாவட்டச் செயலகத்துக்கு, அந்தக் கச்சேரிக்குப் போகிறோம், காணி அதிகாரியைப் பார்க்க. எங்கள் இரண்டு பேரையும் பார்த்து அவர்களுக்குச் சலித்துவிட்டது, புது முகங்கள் வந்தால் நல்லது. நம்பாத பக்கம் பேச வேண்டியதில்லை. யார் வருகிறீர்கள்?